ஸ்புரூஸ் காட்டின் தரையில் இருப்பவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்லாந்தின் ஊசியிலைக் காடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடாக இருப்பதையும், வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்க்கச் சட்டமே கட்டாயப்படுத்துவதையும் கட்டுரையாளர் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் ஸ்புரூஸ், பைன், பிர்ச் ஆகிய மரங்களைத் தவிர அங்கே சொல்லிக்கொள்ளும்படியான தாவரம் எதுவுமில்லை என்ற அவருடைய கருத்தையும், மரங்கள் குறையவில்லை என்பதால் காடும் குறையவில்லை என்று அவர் வாதிடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

காட்டின் தன்மையை மரத்தை வைத்து அல்ல, தரையில் வளரும் செடிகளையும் பாசிகளையும் (நீர்ப்பாசி அல்ல, ‘மாஸ்’ எனப்படும் நிலப்பாசி) வைத்தே அறிய வேண்டும் என்று 1909இல் ஒரு வகைப்பாட்டையே வகுத்துக் கொடுத்தவர் அய்மோ கார்லோ கயாந்தர் என்ற பின்லாந்து வனவியலாளர்தான். (பின்னாளில் இவர் மூன்று முறை பிரதமராகவும் இருந்தார், 1939 நவம்பரில் சோவியத் படைகள் எல்லை தாண்டி வந்தபோது ஆட்சியில் இருந்தது இவருடைய அரசே.) எந்த மரம் நிற்கிறது என்பது பெரும்பாலும் கோடரியையும் நெருப்பையும் விதைப்பவரின் விருப்பத்தையும் பொறுத்தது, ஒரே மண்ணில் ஸ்புரூசும் நிற்கலாம், பைனும் நிற்கலாம். தரைத் தாவரங்களின் கூட்டமோ அந்த மண்ணில் எவ்வளவு ஈரமும் சத்தும் உள்ளன என்பதைக் காட்டிவிடும். அதனால்தான் அவர் காட்டு வகைகளுக்கு மரங்களின் பெயரைச் சூட்டாமல், தரைச் செடிகளின் பெயரைச் சூட்டினார். பூஞ்சையும் ஆல்காவும் இணைந்து வாழும் லைக்கன் படர்ந்த வறண்ட மணல்மேட்டுப் பைன் காடு ஒரு கோடி என்றால், நம் ஊர் புளியாரைக்கு நெருங்கிய உறவான, வெள்ளைப் பூப் பூக்கும் காட்டுப் புளியாரை செழிக்கும் வளமான ஸ்புரூஸ் காடு மறுகோடிக்கு அருகில் இருக்கும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, மிதமான ஈரமுள்ள ஸ்புரூஸ் காட்டில் கோலோச்சுவது கருநீலப் பழம் தரும் பில்பெரிக் குறுஞ்செடி. முழங்கால் உயரத்தைக்கூட அரிதாகவே எட்டும் இச்செடி குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிடும். ஆயினும் அதன் தண்டு பச்சையாகவே இருப்பதால் இலையில்லாத காலத்திலும் ஒளிச்சேர்க்கை செய்யும் திறன் அதற்கு உண்டு. மனிதரும் கரடியும் பழத்துக்காக இச்செடியை நாடுகின்றனர். கேப்பர்கேய்லி என்னும் பெரிய காட்டுக்கோழியின் குஞ்சுகள் முதல் சில வாரங்களில் இதன் இலைகளில் வாழும் புழுக்களை உண்டே வளர்கின்றன. லிங்கன்பெரியும், தாவரவியலாளர் லின்னேயஸின் பெயரைத் தாங்கிய இரட்டைப்பூக் கொடியும், சிறு பெரணிகளும் இதனோடு கலந்து வளரும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் மெத்தையாகப் பரந்திருக்கும் பாசிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் பெரிய குறை. அவற்றுள் ஹைலோகோமியம் என்ற பாசியில், முந்தைய ஆண்டுக் கிளையின் நடுவிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய படி எழும்புவதால், படிகளை எண்ணியே அதன் வயதைச் சொல்லிவிடலாம். சிவந்த தண்டுடைய ப்ளூரோசியம் என்ற மற்றொரு பாசியின் இலைகளில் வாழும் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிரிகள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிகளுக்குப் பயன்படும் வடிவில் நிலைப்படுத்துவதாக 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. வடக்கு ஸ்காண்டிநேவியா, பின்லாந்துக் காடுகளில் அது ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 1.5 முதல் 2 கிலோ வரை இருக்குமாம். நெல்வயலில் நாம் கொட்டும் யூரியாவுக்கு முன் இது அற்பம்தான். ஆனால் குளிரால் மட்கு மெதுவாகச் சிதைந்து, நைட்ரஜன் எப்போதும் பற்றாக்குறையாகவே இருக்கும் மண்ணுக்கு இது கணிசமான வரவு.

தாழ்ந்த பகுதிகளில் நீர் தேங்கும்போது இக்கூட்டம் விலகி ஸ்பேக்னம் பாசியும் காட்டுக் குதிரைவால் செடியும் இடம் பிடிக்க, ஸ்புரூஸ் நிற்கும் சதுப்புக் காடு உருவாகிறது. பின்லாந்துச் சதுப்புகளில் ஏறத்தாழ பாதியில் மர விளைச்சலுக்காக வடிகால் வெட்டப்பட்டிருக்கிறது. அங்கெல்லாம் மரம் முன்னைவிட நன்றாக வளர்ந்திருக்கும். அதையே கட்டுரையாளரின் கணக்கில் சேர்த்தால் ஒரு காடு பெருகிவிட்டதாகத்தான் தோன்றும்.

முற்றாக வெட்டிய இடத்தின் கதையும் இதுவே. நிழல் போனவுடன் வேரில்லாத பாசிகள் காய்ந்து கருகுகின்றன, பில்பெரி மெலிகிறது, புல்லும் இளஞ்சிவப்புப் பூவுடைய ஃபயர்வீடும் நிலத்தை நிரப்புகின்றன. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஸ்புரூஸ் கன்றுகளை வரிசையாக நட்டுவிடலாம். அடித்தளக் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்பவோ பல பத்தாண்டுகள் பிடிக்கும், அதற்குள் அடுத்த வெட்டுக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். மரம் வெட்டவே கூடாது என்பதல்ல என் வாதம். அந்நாட்டின் வாழ்வாதாரத்தில் காட்டுக்குரிய பங்கை நான் அறிவேன். 1921 முதல் 1924 வரை நடந்த தங்கள் முதல் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பிலேயே தரைத் தாவரங்களைக் கொண்டு காட்டு வகையைக் குறித்துக்கொண்ட ஒரு நாட்டைப் பற்றி எழுதும்போது, நாமும் மரத்தோடு நின்றுவிடுவது சரியல்ல என்பதையே சொல்கிறேன்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் மேலே சொன்ன காட்டு வகைகளைப் பற்றிய சிறு விளக்கத்தையும், பில்பெரி, பாசிகள் ஆகியவற்றின் படங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி.