படலம் எதன்மேல் இருந்தது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுவளவு மெல்லிய காந்தப் பொருள்களைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கடினமான விஷயத்தைப் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால், உடன் வெளியான படத்தில் அந்தப் படலம் வெட்டவெளியில் தனித்து மிதப்பதாக வரையப்பட்டிருந்தது. கட்டுரையும் அதே எண்ணத்தில், படலத்தின் காந்தத் தன்மை முழுவதும் அதற்கே சொந்தம் என்பதுபோல் பேசியது. விளிம்பில் மட்டும் பிடித்துத் தொங்கவிட்ட படலங்களும் ஆராயப்படுகின்றன என்றாலும், பெரும்பாலான அளவீடுகளில் படலம் ஏதோ ஓர் அடித்தளத்தின்மேல் படிந்தே இருக்கிறது. அந்த அடித்தளம் சும்மா இருப்பதில்லை.

இத்தகைய காந்தப் பொருள்களில் ஒன்றான குரோமியம் டிரை அயோடைடின் ஓர் அடுக்கு ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் தடிமன்தான். கெட்டியான படிகத்தில் பெரும்பாலான அணுக்கள் உள்ளே பத்திரமாக இருக்கும். இதில் உள்ளே என்று சொல்ல இடமே இல்லை. ஒட்டுநாடாவால் உரித்தெடுக்கும் துண்டுகளை வழக்கமாகச் சிலிக்கான் டைஆக்சைடு பூசிய சில்லின்மேல் அழுத்தி எடுப்பார்கள். அந்தப் பூச்சு ஏறத்தாழ 300 நானோமீட்டர் இருந்தால் மெல்லிய துண்டும் நுண்ணோக்கியில் நிற வேறுபாட்டால் கண்ணுக்குத் தெரியும். பலரும் அதை விரும்பியதற்கு இந்த வசதிதான் காரணமே தவிர, காந்தத்துக்கு அது உகந்தது என்பதல்ல. அதன் பரப்பில் உள்ள மேடுபள்ளங்கள் படலத்தின் தடிமனோடு ஒப்பிடத்தக்கவை. ஆங்காங்கே சிக்கிக் கிடக்கும் மின்னூட்டங்கள் வேறு. அறுகோணப் போரான் நைட்ரைடு அணு அளவில் சமதளமானது என்பதால், இப்போது பலர் படலத்தை அதன் இரு தகடுகளுக்கு நடுவே வைத்து மூடிவிடுகிறார்கள். காற்று பட்டாலே சிதைந்துபோகும் அயோடைடுக்கு அது கவசமாகவும் ஆகிறது.

அடித்தளம் காந்தத்தைத் தொடுவது எப்படி? எல்லாத் திசைகளும் சமமாக உள்ள இருபரிமாணக் காந்தத்தில், தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே நீண்டதூர ஒழுங்கு, அதாவது அணுக்களின் சிறு காந்தங்கள் தொலைவுவரை சீராக அணிவகுப்பது, நிலைக்காது என்று இயற்பியலாளர்கள் மெர்மினும் வாக்னரும் 1966-இல் நிறுவினர். ஆகவே, அந்தச் சிறு காந்தங்களான தற்சுழற்சிகள் ஒரு திசையை மற்றவற்றைவிட விரும்ப வேண்டும். குரோமியம் டிரை அயோடைடில் அந்த விருப்பத்தைப் பெருமளவு தருவது கனமான அயோடின் அணுக்கள். இரு குரோமியம் அணுக்களை இடையிலுள்ள அயோடின் ஏறத்தாழ 90 பாகைக் கோணத்தில் இணைப்பதால் அவற்றின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் நிற்கின்றன. குரோமியம் அணுக்களுக்கு இடையிலான நேரடித் தொடர்போ அவற்றை எதிரெதிராகத் திருப்பப் பார்க்கிறது. அடித்தளம் படலத்தைச் சற்று இழுத்தாலோ நெருக்கினாலோ கோணமும் தூரமும் மாறி, இந்தச் சமநிலை குலைகிறது. அடித்தளத்திலிருந்து எலக்ட்ரான்கள் படலத்துக்குள் வரலாம், அல்லது படலத்திலிருந்து வெளியேறலாம். இரண்டும் இல்லாவிட்டாலும், அருகிலுள்ள பொருள் எலக்ட்ரான்களுக்கு இடையிலான மின்விலக்கத்தை மட்டுப்படுத்துவதால் காந்தப் பிணைப்பின் வலிமையே மாறக்கூடும்.

இனி கட்டுரை தந்த வெப்பநிலைகளுக்கு வருகிறேன். 2017-இல் சிலிக்கான் டைஆக்சைடின்மேல் இருந்த ஒற்றை அடுக்குக் குரோமியம் டிரை அயோடைடுக்கு 45 கெல்வின் எனக் கியூரி வெப்பநிலை (இதற்கு மேல் காந்த ஒழுங்கு குலைந்துவிடும்) அளக்கப்பட்டது. கெட்டியான படிகத்துக்கு அது 61 கெல்வின். இதைத் தங்கள் கட்டுரை சரியாகவே சொன்னது. ஆனால் இரும்பு ஜெர்மேனியம் டெல்லுரைடுக்கு 130 கெல்வின் என்று மட்டும் எழுதி முடித்தது. 2018-இல் வெளியான அந்த ஆய்வில் ஒற்றை அடுக்கு தங்கத்தின்மேல் உரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அலுமினா துணையோடு உரித்தெடுத்த வேறொரு குழுவுக்கு ஒற்றை அடுக்கில் கிடைத்த மதிப்பு இதற்கு வெகு கீழே. இரும்பின் அளவும் அளந்த முறையும் மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதால் பழியை முழுவதும் அடித்தளத்தின்மேல் போட மாட்டேன். எனினும் அடித்தளத்தைச் சொல்லாமல் விட்டால் இரு குழுக்களின் எண்களையும் ஒப்பிடவே வழியில்லை.

வனேடியம் டைசெலினைடின் கதை இன்னும் சிக்கலானது. கிராஃபைட், மாலிப்டினம் டைசல்ஃபைடு ஆகியவற்றின்மேல் வளர்த்த ஒற்றை அடுக்கு அறை வெப்பநிலையிலும் காந்தமாக இருப்பதாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் எக்ஸ் கதிர்களால் சோதித்த குழுக்களுக்கு இயல்பான ஃபெர்ரோ காந்தம் (தற்சுழற்சிகள் ஒரே திசையில் நிற்கும் நிலை) தென்படவில்லை. எலக்ட்ரான் அடர்த்தி அலைபோல் ஏறி இறங்கும் வேறொரு ஒழுங்கே அங்கு தெரிந்தது. தங்கள் கட்டுரையில் முதல் அறிவிப்பு மட்டுமே இடம்பெற்றிருந்தது.

அடித்தளம் என்றாலே இடைஞ்சல் என்பதும் இல்லை. 2021-இல் குரோமியம் டிரை குளோரைடின் ஒற்றை அடுக்கைச் சிலிக்கான் கார்பைடின்மேல் உள்ள கிராஃபீனில் வளர்த்தார்கள். கிராஃபீன் படலத்தோடு வலுவாகப் பிணையாது. அதனால்தான் தற்சுழற்சிகள் படலத்தின் தளத்திலேயே படுத்துக் கிடக்கும் நிலையை அதில் அளக்க முடிந்தது.

இந்தத் துறையைப் பற்றி அடுத்து எழுதும்போது, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் பக்கத்தில் படலம் எத்தனை அடுக்கு, எதன்மேல் இருந்தது, மேலே எதனால் மூடப்பட்டிருந்தது என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். படத்திலும் அந்த அடித்தளத்தை வரைந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
இயற்பியல் வாசகர் ஒருவர்