பாம்பின்ட அந்த வரியோட தலையாட்டமும் சேர்ந்துதான் வருது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கட பத்திரிகையில வீட்டில பாம்பு வளர்க்கிற ஃபேஷன் பற்றி வந்த கட்டுரை வாசிச்சனான். மஞ்சள் உடம்பில மெல்லிசாக் கறுப்பு வலை பின்னின மாதிரி இருந்த அந்தப் பாம்பின்ட படத்துக்குக் கீழ "அபூர்வ அழகு" எண்டு மட்டும் போட்டிருந்தீங்க, அதைப் பார்த்தாப் பிறகு எழுதாம இருக்க ஏலாமப் போச்சு.

அதே ரகப் பாம்பை லண்டன்ல என்ட அக்காட மகன் வச்சிருக்கிறான், நான் கிட்ட நிண்டு பார்த்தனான். பால் பைத்தான், எங்கட வெங்கிணாந்தி இனம்தான், ஆனா ஆபிரிக்காப் பாம்பு, சின்னது. ரகத்துக்குப் பேர் ஸ்பைடர். அவன் இடுக்கியில எலியைப் பிடிச்சுக் காட்ட பாம்பு தலையைத் தூக்கிச்சு, தூக்கின தலை நிக்கேல்ல, நடுங்கி நடுங்கிக் கழுத்து முறுக்கிக்கொண்டு போய் கீழ்த்தாடை மேல பார்க்கிற மாதிரித் திரும்பிட்டுது. எலி முன்னால இருக்கு, அது பாஞ்சது பக்கத்துக் கண்ணாடியில. மூண்டு தரம் அப்பிடி. கடைசியில அவனே வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் குடுத்தான். "வித்த ஆள் இது அதின்ட ஸ்டைல் எண்டு சொன்னவர் மாமா" எண்டான், சொல்லேக்க அவன்ட முகம் சரியில்லை.

ஸ்டைல் இல்லை, பிறவிக் கோளாறு. 1999ல அமெரிக்காவுக்கு வந்த ஒரு பாம்பில இருந்துதான் இந்த ரகம் பெருகினது. தாய் தகப்பன் ரெண்டில ஒராளிட்ட இருந்து அந்த ஜீன் வந்தாலே காணும், குட்டிக்கு அந்த வலை மாதிரி வரி வரும், வரியோட தலையாட்டமும் வரும், சிலதுக்குக் குறைவு சிலதுக்குக் கூட. நல்ல குட்டியாப் பார்த்துப் பார்த்து இணை சேர்த்தா ஆட்டம் போயிடும் எண்டு விக்கிற ஆக்கள் கனகாலமாச் சொல்லிச்சினம், போகேல்ல. 2022ல இந்தப் பாம்புகளின்ட மண்டையை சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த விஞ்ஞானிகள் உள்காதில சமநிலையைப் பார்க்கிற குழாய்களும் பையும் கோணலா வளர்ந்திருக்கிறதைக் காட்டினவை. அதாவது மேல எது கீழ எது எண்டு அந்தச் சீவனுக்கே சரியா விளங்காது. இங்கிலாந்தில இன்டர்நேஷனல் ஹெர்பெட்டலாஜிக்கல் சொசைட்டி எண்ட, பாம்பு பல்லி வளர்க்கிற ஆக்களின்ட சங்கம் 2018லயே தங்கட விற்பனைக் கண்காட்சிகள்ல ஸ்பைடரை நிப்பாட்டிட்டுது. ஸ்பைடர் மட்டும் இல்லை, ஷாம்பெயின், வோமா எண்ட ரகங்களுக்கும் இந்தக் கரைச்சல் இருக்கு.

பால் பைத்தான் வீட்டில 20, 30 வருஷம் இருக்கும். அவ்வளவு காலமும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கண்ணாடியில முட்டுறதை யோசிச்சுப் பாருங்கோ.

கொழும்பிலயும் பெடியள் ஃபோன்ல இதுகளின்ட வீடியோ பார்த்து ஆசைப்படுகினம், என்ட மகனும்தான். அவையில பிழை இல்லை, படத்தில தலை ஆடுறது தெரியாது. நாங்க "ஐயோ வடிவு" எண்டு காசு குடுக்கிறதாலதான் இன்னும் குட்டி எடுக்கினம். வர்ற கிழமை அதே படத்தைத் திரும்பப் போட்டு, கீழ அந்த உள்காது விஷயத்தையும் ரெண்டு வரி எழுதி விடுங்கோ.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை