திருப்பிக் கொடுக்க ஒரு வழி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் குடும்பப் பகுதியில், பிள்ளை எதையாவது திருடிவிட்டால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. முதல் தடவையே கடுமையாகத் தண்டித்துவிட வேண்டும், நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வைத்தால்தான் மறுபடி கை நீளாது என்று அதில் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் இருக்க முடியவில்லை. எனக்கு இப்போது 62 வயது. பத்து வயதில் நான் ஒரு பென்சிலைத் திருடினேன்.

ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் எழுதும் பென்சில் அது. கணக்குப் பார்ப்பவர்கள் பேரேட்டில் சரிபார்த்துக் குறி போட வைத்திருப்பார்களே, அந்த வகை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழியுடையது. அவள் நீல முனையை மட்டும் சீவி எழுதிக்கொண்டிருந்தாள். சிவப்பு முனையைத் தொடவே இல்லை. அது சீவாமல் மொழுமொழுவென்று அப்படியே இருந்தது. அந்தச் சிவப்பு எப்படி எழுதும் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஏன் கேட்கவில்லை என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் புரியவில்லை.

இடைவேளையில் எல்லோரும் வெளியே ஓடிவிட்டார்கள். ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். சிவப்பு முனையைச் சீவி, என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். அப்புறம்தான் உறைத்தது. சீவாத முனையைச் சீவியாகிவிட்டது, திருப்பி வைத்தாலும் தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. பென்சில் என் சீருடையின் பெல்ட்டுக்குள் போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அவளிடம் தனியாகக் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் ஏற்பாடு செய்துகொண்டேன். இது வயதான பிறகு நான் சேர்த்துக்கொண்ட நல்லெண்ணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்ன சொல்லிக் கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்: “கீழே கிடந்துச்சு, உன்னுதா பாரு.” அதுவும் பொய்தான். ஆனால் பென்சில் அவள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்த வகுப்பு தொடங்கியதும் அவள் பெட்டியைத் திறந்து பார்த்து அழ ஆரம்பித்தாள். ஆசிரியை எழுந்து நின்றார். எடுத்தது யார் என்று கண்டுபிடித்தால் மறுநாள் காலைக் கூட்டத்தில் மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் நிறுத்தப்போவதாகச் சொன்னார். நான் போட்டு வைத்திருந்த ஏற்பாடு அதோடு முடிந்தது. ‘கீழே கிடந்தது’ என்று சொல்லிக் கொடுத்தாலும் இனி யார் நம்புவார்கள்? பெல்ட்டுக்குள் இருந்த பென்சில் வயிற்றை அழுத்திக்கொண்டே இருந்தது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவள், அந்த நிமிடத்திலிருந்து எங்கே ஒளிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

எல்லோருடைய பையையும் மேசை மேல் கொட்டச் சொன்னார். என்னுடையதிலும் ஒன்றும் இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். பென்சில் தீர்ந்துபோனால் பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டு வாங்கி எழுதுவாள். அவள் பையை மட்டும் ஆசிரியை இரண்டு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அழவும் இல்லை, நான் எடுக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் கிடைக்கவில்லை. யாரையும் மறுநாள் நிறுத்தவும் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பெண் நடந்துபோனால், மற்ற பிள்ளைகள் தங்கள் பெட்டியை டப்பென்று மூடினார்கள். சில பேர் விளையாட்டுக்குத்தான் செய்தார்கள். நானும் மூடினேன். ஒரே ஒரு தடவை. மூடாமல் இருந்தால் என் மேல் சந்தேகம் வந்துவிடுமோ என்ற பயத்தில் மூடினேன். பென்சில் எடுத்தது இருக்கட்டும். இதை எழுதும்போதுதான் என் கை நிற்கிறது.

அந்த ஆசிரியையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அழுகிற பிள்ளை ஒரு பக்கம், நாற்பது முகங்கள் ஒரு பக்கம். அவருக்கும் அப்போது வேறு வழி தோன்றியிருக்காது.

அந்தப் பென்சிலை நான் ஒரு நாளும் எழுதப் பயன்படுத்தவில்லை. எப்படி முடியும்? சிவப்பு எழுத்தைப் பார்த்தால் வகுப்பில் தெரிந்துவிடும், வீட்டில் பார்த்தால் ஏது என்று கேட்பார்கள். தூக்கிப் போடவும் பயம், யாராவது எடுத்து வந்துவிட்டால்? கடைசியில், அப்பா சவரம் செய்து வைத்த பழைய பிளேடை எடுத்து, தினமும் குளிக்கப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சீவித் தண்ணீரில் விட்டேன். மரம் சுலபமாகப் போய்விடும். உள்ளே இருக்கும் வண்ணக் குச்சிதான் போகாது, மெழுகு மாதிரி விரலில் ஒட்டிக்கொள்ளும். நகக்கண்ணில் சிவப்பு ஏறிவிட்டால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். முழுப் பென்சிலும் கரைய பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் என் தோழி தன் ரப்பரை என்னோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னாளில் நான் நூலகராக வேலைக்குச் சேர்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலைதான் பார்த்தேன். எங்கள் நூலக வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தோம். நூலகம் பூட்டியிருக்கும் நேரத்திலும் புத்தகத்தை அதற்குள் போட்டுவிட்டுப் போகலாம். காலையில் அந்தப் பெட்டியைத் திறப்பது என் வேலை. அதில் என்னவெல்லாம் வந்திருக்கிறது தெரியுமா? தொலைந்துவிட்டது என்று நாங்களே கணக்கிலிருந்து அடித்துவிட்ட புத்தகம், ஒன்பது வருடம் கழித்துப் புதிதாக அட்டை போட்டு வந்தது. ஒரு தடவை புத்தகமே இல்லாமல் ஓர் உறை மட்டும் கிடந்தது. உள்ளே கத்தரித்து எடுத்த நாலு பக்கங்கள். எந்தப் புத்தகத்தின் பக்கங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியிருந்தது, பெயர் எழுதவில்லை. பகலில் என் மேசைக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து அவற்றைக் கொடுக்க அந்த மனிதருக்கு முடிந்திருக்காது. அந்தப் பக்கங்களை ஒட்டிவிட்டு, அன்று முழுவதும் என் பென்சிலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் சிகாகோ நகரப் பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த சில வாரங்களிலேயே, திரும்பி வந்த புத்தகங்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடின. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்த பலருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்கிறது.

பெரியவர்களுக்கே இப்படி என்றால் பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 4 முதல் 8 வயது வரையுள்ள 372 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தனியாக விட்டுப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அப்புறம் கேட்டபோது, தண்டனை கிடைக்கும் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள்தான் உண்மையைக் குறைவாகச் சொன்னார்கள். தண்டனைப் பேச்சு பொய்யைத்தான் வளர்த்தது.

ரூசோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளரின் கதையும் இதுதான். 1728இல், 16 வயதில், இத்தாலியின் தூரின் நகரில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தபோது பழைய ரிப்பன் ஒன்றைத் திருடினார். பிடிபட்டதும், அந்த வீட்டுச் சமையல்காரப் பெண் மரியோன் கொடுத்தாள் என்று பழியை அவள்மேல் போட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. வயதான காலத்தில் இதை எழுதும்போது அவர் சொல்வது என்னவென்றால், தண்டனைக்குப் பயப்படவில்லையாம், அத்தனை பேர் முன்னால் திருடன் என்று பெயர் வாங்குவதற்குத்தான் பயந்தாராம். யாராவது தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணைக் கெடுத்துவிடாதே, நீ எடுத்திருந்தால் சொல்லிவிடு என்று கேட்டிருந்தால், அந்தக் கணமே காலில் விழுந்து ஒத்துக்கொண்டிருப்பாராம். இதைப் படித்தபோது நான் நூலகத்தில், புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கடைசி பெஞ்சில் கைகட்டி நின்ற பெண்தான் தெரிந்தாள்.

காந்தியடிகளும் சிறுவயதில் திருடியிருக்கிறார். 15 வயதில், அண்ணனுடைய கடனை அடைக்க அண்ணனின் தங்கக் காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்தார். மனம் தாங்கவில்லை. வாயால் சொல்ல முடியாமல் ஒரு தாளில் எழுதி, நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார், கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் பிள்ளையின் நேர்மையைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அப்பா எங்களை அடித்ததாகவே நினைவு இல்லை என்று காந்தியடிகள் எழுதியிருக்கிறார். அவருக்கு இருந்த ஒரே பயம், அப்பா மனம் நோகுமே என்பதுதான். அடி விழும் வீடாக இருந்திருந்தால் அந்தத் தாள் எழுதப்பட்டே இருக்காது என்று நான் நினைக்கிறேன்.

திருட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை எடுத்ததை எடுத்தவன் கையாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மூன்று நான்கு வயதுப் பிள்ளை எடுப்பதைத் திருட்டு என்று சொல்வதே தவறு. திரும்பத் திரும்ப எடுக்கும் பிள்ளைக்கு வேறு ஏதோ குறை இருக்கும், அதைத் தேட வேண்டும். நான் பேசுவது நடுவில் இருக்கும் சாதாரணப் பிள்ளைகளைப் பற்றி. ஒரு தடவை கை நீட்டிவிட்டு, அடுத்த நிமிடமே வருந்துகிற பிள்ளைகளைப் பற்றி. செய்த காரியத்துக்காக மனம் குத்துவது வேறு, நானே கெட்டவள் என்று கூசிப்போவது வேறு என்று ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் 1971இலேயே பிரித்துக் காட்டினார். அன்று காலையில் எனக்கு மனம்தான் குத்தியது, திருப்பிக் கொடுக்கத் துடித்தேன். நாலு பேர் முன்னால் நிறுத்துவேன் என்ற பேச்சு வந்த பிறகு, கூசி ஒளிந்துகொண்டேன்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை வெளியிட்டால், இந்தக் கடிதத்திலிருந்து ஒரு பத்தியையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒரு பொருள் காணாமல் போனால், பைகளைக் கொட்டுவதற்கு முன்னால், ‘நான் பத்து நிமிடம் வெளியே நிற்கிறேன், அந்தப் பொருள் இந்த மேசை மேல் வந்துவிட்டால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்’ என்று ஓர் ஆசிரியர் சொல்லிப் பார்க்கட்டும். எங்கள் நூலக வாசல் பெட்டி செய்த வேலையை அந்த மேசை செய்யும்.

என் தோழியை நாற்பது வயதுக்கு மேல் ஒரு தடவை சந்தித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பென்சிலே நினைவில்லை. சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பாரம் இறங்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் அவள் இல்லையே. கடைசி பெஞ்சுப் பெண் அடுத்த வருடமே வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாதம் என் பேரன், ஏழு வயது, பக்கத்து வீட்டுப் பையனின் சிறிய காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். அவன் தூங்காமல் புரண்டுகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. “காலையில நாம ரெண்டு பேரும் போவோம். நீயே குடு. நான் வாசல்ல நிக்கிறேன், ஒண்ணும் பேச மாட்டேன்” என்றேன். அப்படியே செய்தோம். “இதைத்தான்டா தேடிக்கிட்டிருந்தேன்” என்று அந்தப் பையன் வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் விளையாடப் போய்விட்டார்கள்.

அன்று ராத்திரி அவனுக்கு என் பென்சில் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்தக் கடைசி பெஞ்ச் பொண்ணு பேரு என்ன பாட்டி?” என்றான். சொன்னேன். 52 வருடங்களில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்
(என் பேரனுக்காக, பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)