உள்ளூர்ச் செய்தித்தாள் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தலைநகரில் ஒரு அமைச்சர் தும்மினால்கூட எழுத நூறு பேர் இருக்கிறார்கள். உள்ளாட்சி மன்றத்தில் ஒரு சாலை ஒப்பந்தம் யாருக்குப் போனது என்பதை உங்களை விட்டால் யாரும் எழுதப் போவதில்லை. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெல் என்றொரு சிறிய நகரம். மக்கள்தொகை 40,000-ஐத் தொடாது. 2005-இல் நகரத்துக்கென்று தனிச் சாசனம், அதாவது தன்னை ஆள்வதற்கான சொந்த விதிகள், கொண்டுவர அங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. மன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்கு மாநிலம் வைத்திருந்த வரம்பு அந்த மாற்றத்தால் போய்விட்டது. 2010-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் விஷயத்தை வெளியே கொண்டுவந்தபோது, நகர மேலாளரின் ஆண்டுச் சம்பளம் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர். அமெரிக்க அதிபருக்கே 4 லட்சம்தான்! அந்தப் பத்திரிகைக்குப் புலிட்சர் என்ற இதழியல் விருது கிடைத்தது, மேலாளர் சிறைக்குப் போனார். சரி, நடுவில் கழிந்த ஐந்து ஆண்டுகள்? மன்றக் கூட்டத்துக்குத் தவறாமல் போய்க் குறிப்பெடுக்கும் நிருபர் இல்லாத ஊர் அது.

இந்தோனேசியாவின் கதை வேறு மாதிரி. 1998-இல் அந்நாட்டு அதிபர் சுகார்த்தோ பதவி விலகினார். 1999-இல் வந்த பத்திரிகைச் சட்டம் அச்சிட உரிமம் வாங்கும் முறையை ஒழித்தது. மாவட்டங்களுக்கு அதிகாரம் தரும் சட்டங்களும் அதே ஆண்டில் வந்தன. ஊருக்கு ஊர் பத்திரிகைகள் முளைத்தன. அப்புறம் பார்த்தால், அவற்றில் பலவற்றுக்குப் பெரிய விளம்பரதாரர் அந்த மாவட்ட நிர்வாகமேதான். நிருபர் கையில் திணிக்கும் பணத்துக்கு அங்கே 'அம்ப்லோப்' என்றே பெயர். காகித உறை என்று பொருள். உரிமத்தைப் பறிப்பதாக மிரட்ட இனி ஆள் தேவையில்லை, விளம்பரப் பில்லை நிறுத்திவைத்தாலே போதும்.

உங்கள் வரவு செலவு எனக்குப் புரியாமல் இல்லை. அரசு விளம்பரத்தை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். விட்டால் பலர் கடையை மூட வேண்டியதுதான். நிர்வாகத்திடமிருந்து எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை முதல் பக்கத்தில் போடுங்கள். வாசகர் கணக்குப் பார்த்துக்கொள்வார்.

அதோடு, ஒவ்வொரு மன்றக் கூட்டத்துக்கும் ஒருவரை அனுப்புங்கள். மூன்று மணி நேரம் வடிகாலைப் பற்றியே பேசுவார்கள், தூக்கம் வரும். வந்தாலும் பரவாயில்லை. கேள்விகூடக் கேட்க வேண்டாம், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கட்டும். ஆள் அனுப்ப முடியாத வாரத்தில் அதையும் அச்சிடுங்கள்: 'இந்த வாரக் கூட்டத்துக்கு எங்களிலிருந்து யாரும் போகவில்லை.'

இப்படிக்கு,
உங்கள் வாசகன்