லேண்ட்லைனை ஏற்காத படிவமும் பெங்களூருக்குப் போன ஃப்ரிட்ஜ் புகாரும்

அனுப்புநர்: கும்பகோணம் வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் இணைத்துள்ள பில் நகலில்)
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஃப்ரிட்ஜ் பழுது; புகார் பதிவில் நடந்த குளறுபடி

ஐயா / அம்மா,

உங்கள் ஃப்ரிட்ஜை வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து கீழ்த்தட்டில் குளிர் இல்லை. தோசை மாவு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. மெஷின் என்றால் கெடும்தான். அதற்காக நான் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத மாட்டேன்.

உங்கள் இணையதளத்தில் புகார் பதியப் போனேன். என்னிடம் இருப்பது லேண்ட்லைன் மட்டும். 0435 என்று ஆரம்பித்து எண்ணைப் போட்டேன். 10 இலக்கத்துக்கு மேல் ஏறவில்லை. சரி, முன்னால் உள்ள பூஜ்ஜியம் எண்ணில் சேராது, வெளியூர் லைன் பிடிப்பதற்கான சாவி மட்டுமே என்று அதை எடுத்துவிட்டுப் போட்டேன். ‘சரியான எண்ணை உள்ளிடவும்’ என்று சிவப்பில் வந்தது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் டிரங்க் கால் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவள். எது சரியான எண் என்று எனக்கே பாடம் எடுக்கிறது உங்கள் கம்ப்யூட்டர். இந்த நாட்டில் எஸ்.டி.டி. கோடும் வீட்டு எண்ணும் சேர்ந்தால் 10 இலக்கம். சென்னைக்கு 44, அதன் பின் எட்டு. எங்களுக்கு 435, பின்னால் ஏழு. தஞ்சாவூருக்கு 4362, பின்னால் ஆறு. (மாவட்டத் தலைநகரை விட எங்கள் ஊர்க் கோடு ஓர் இலக்கம் குறைவு என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு சின்னப் பெருமை உண்டு.) எப்படிக் கூட்டினாலும் பத்துதான்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. செல்போன் எண்கள் 6, 7, 8, 9 என்று தொடங்குவதால், முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து உங்கள் படிவம் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டின் கோடுகள் எல்லாமே 4-ல் தொடங்குபவை. கேரளத்திலும் அப்படித்தான், திருவனந்தபுரம் 471, கொச்சி 484. ஆக இரண்டு மாநில லேண்ட்லைன்காரர்களுக்கும் உங்களிடம் கதவு அடைப்பு. சோதித்துப் பார்க்க மைசூரில் இருக்கும் என் தங்கை வீட்டு லேண்ட்லைனைப் போட்டேன். மைசூருக்கு 821. உடனே பச்சை டிக் விழுந்து, ஓ.டி.பி. அனுப்பிவிட்டோம் என்றது! அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய போன் அந்த ஓ.டி.பி.யை எங்கே காட்டும்?

வேறு வழியில்லாமல் என் மகனின் செல் எண்ணைக் கொடுத்தேன். புகார் பதிவாயிற்று. மூன்று நாள் கழித்து அவனுக்கு ஒரு மெக்கானிக் போன் செய்து, ‘ஜெயநகரில் எந்த வீதி, சார்?’ என்று கேட்டிருக்கிறார். அவன் பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிய எண் அது. இப்போது அவன் சென்னையில் இருக்கிறான். முகவரிக் கட்டத்தில் நான் கும்பகோணம் என்று தெளிவாக எழுதியிருந்தேன். கஸ்டமர் கேரில் கேட்டபோது அந்தப் பெண் சொன்ன விளக்கம்: ‘உங்க நம்பர் கர்நாடகா சர்க்கிள்னு காட்டுது, மேடம்.’

செல் எண்களின் முதல் நாலைந்து இலக்கங்களைக் கம்பெனிக்கும் சர்க்கிளுக்கும் (பெரும்பாலும் மாநில வாரியான தொலைபேசி வட்டம்) என்று பிரித்துக் கொடுத்தது உண்மைதான். ஆனால் 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம். 2015 ஜூலை 3 முதல் மாநிலம் மாறினாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். இன்று செல் எண்ணைப் பார்த்து ஆள் எங்கே இருக்கிறார் என்று சொல்ல முடியாது. ஊரைச் சொல்லும் எண்ணைத் தள்ளிவிட்டு, சொல்லாத எண்ணிடம் போய் ஊர் கேட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. வாரண்டி அட்டையில் ‘கட்டணமில்லா சேவை’ என்று 1860-ல் தொடங்கும் எண்ணை அச்சிட்டிருக்கிறீர்கள். கட்டணம் இல்லாதது 1800. 1860-க்கு அழைப்பவரும் பணம் கொடுக்க வேண்டும். உங்கள் இசையைக் கேட்டுக்கொண்டு 22 நிமிடம் நான் காத்திருந்தது இலவசம் இல்லை. அதன் கீழேயே தலைமை அலுவலக எண்ணை +91-044 என்று போட்டிருக்கிறீர்கள். +91 போட்டால் பூஜ்ஜியம் வரக்கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் எனக்காக அதை அப்படியே அழுத்திப் பார்த்தாள், லைன் போகவில்லை.

புகாரைக் கும்பகோணம் சர்வீஸ் சென்டருக்கு மாற்றி, இந்த வாரத்துக்குள் மெக்கானிக்கை அனுப்புங்கள். படிவத்தில் லேண்ட்லைனுக்குத் தனிக் கட்டம் வையுங்கள். அதற்கு ஓ.டி.பி. கேட்காதீர்கள், வேண்டுமானால் கூப்பிட்டுக் கேளுங்கள், எடுத்துப் பேசுவேன். அட்டையில் அந்த இரண்டு எண்களையும் திருத்துங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

காலை 10 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். மெக்கானிக் செல்லிலிருந்து கூப்பிடுவதாக இருந்தால், 0435-ஐப் பூஜ்ஜியத்தோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல்