‘எம்’ மோடு மோகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசி மகம் நெருங்குகிறது. தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது, புதுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிய இளைஞர்களும் கூடவே வருவார்கள். அவர்களில் பலருடைய கேமரா டயல் ‘எம்’மில்தான் நிற்கும்; அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தையும் அப்பர்ச்சர் எனும் லென்ஸ் திறப்பையும் நாமே வைக்கும் மேனுவல் மோடு. மேனுவலில் எடுத்தால்தான் போட்டோகிராபர் என்று யூடியூபில் யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட மோசமான யோசனை இல்லை என்பது எங்கள் கருத்து.

‘எம்’மில் அவர்கள் என்னதான் செய்கிறார்கள்? வியூஃபைண்டரில் தெரியும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை சக்கரத்தை உருட்டுகிறார்கள். நிக்கான், சோனியில் ‘ஏ’ என்றும் கேனானில் ‘ஏவி’ என்றும் போட்டிருக்கும் மோடில் திறப்பை மட்டும் நாம் வைத்தால் போதும், அதே வேலையைக் கேமராவேக் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். மீட்டர் தப்பாக அளந்தால் ‘எம்’மில் எடுத்தவர், ‘ஏ’யில் எடுத்தவர் இருவர் படமும் ஒரே மாதிரிதான் கெடும். உருட்டி முடிப்பதற்குள் பல்லக்கு தாண்டிப் போயிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வெயிலில் வந்த சாமி பந்தலுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். ‘எம்’மில் வைத்த அளவு அங்கே செல்லாது.

18-55 கிட் லென்ஸில் இன்னொரு தொல்லை. 18-இல் எஃப் 3.5 (திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சுருங்கும்) வைத்துவிட்டு 55-க்கு ஜூம் செய்தால், லென்ஸ் தானாகவே எஃப் 5.6-க்குப் போய்விடும். ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவையும் கையால் வைத்திருந்தால் படம் இருட்டும். கேமராவில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு.

எனவே ‘ஏ’, எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ. உச்ச வரம்பு 3200. புதிய கேமராவானால் 6400. ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவிலேயே குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று இருந்தால் அதை 1/250 விநாடி ஆக்குங்கள். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் வைக்கும் ‘எஸ்’ மோடு, அதாவது கேனானில் ‘டிவி’, போட்டு அதே 1/250. ஓடுகிறவர்களுக்கு 1/500, பாறையில் அடித்துச் சிதறும் அலைக்கு 1/1000. ‘எஸ்’ஸில் எஃப் எண் மினுக்கினால், கேட்ட வேகத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று பொருள், வேகத்தைக் குறையுங்கள். ‘ஏ’யில் 1/4000 மினுக்கினால் நேர் எதிர், வெளிச்சம் மிஞ்சிவிட்டது. உச்சி வெயிலில் எஃப் 1.8 வைத்தால் இப்படி ஆகும், மணல் வெளுத்துப்போகும்.

மோடைவிட முக்கியமானது ஒன்று உண்டு: பிளஸ், மைனஸ் போட்ட எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் பொத்தான், அதாவது கேமரா கணித்ததைவிடப் படத்தை வெளுப்பாகவோ இருட்டாகவோ ஆக்கும் பொத்தான். நம் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் சாமிக்குப் பின்னால். மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் பார்க்கும். பளீரென்ற வானத்தைச் சாம்பலாக்கப் பார்த்து உற்சவரின் முகத்தைக் கரியாக்கிவிடும். பிளஸ் 1 முதல் பிளஸ் 1.7 வரை கூட்டுங்கள். வானம் வெளுக்கும், வெளுக்கட்டும். புதுச்சேரி ஒயிட் டவுனில் ஃபிரேம் முழுக்க வெள்ளைச் சுவர் என்றாலும் பிளஸ் 1. வெள்ளையாக இருக்கிறதே என்று பலர் குறைக்கிறார்கள். சுவர் அழுக்காகத் தெரிவது அதனால்தான். இருண்ட பந்தலில் ஒற்றை விளக்கொளி விழுந்த முகத்துக்கு மைனஸ் 0.7. எடுத்து முடித்ததும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பல கேமராக்களில் அணைத்துப் போட்டாலும் அது அப்படியே நிற்கும்.

எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் பச்சை ஆட்டோ மோடைப் பழிக்க மாட்டோம், ஆனால் அது கேட்காமலே பிளாஷைத் தூக்கும். கேமராவிலேயே இருக்கும் பிளாஷ் நாலைந்து மீட்டருக்கு மேல் எட்டாது. எதிரே நிற்பவரின் முதுகுதான் வெளிச்சமாகும். ஷட்டரையும் திறப்பையும் கேமராவே வைக்கும் ‘பி’ மோடு அந்தத் தொந்தரவு தராது.

‘எம்’முக்கும் வேலை உண்டு. வெளிச்சம் மாறாத இடங்கள் அதற்கு உரியவை: ஸ்டுடியோ, கறுப்புத் திரை கட்டிய நாட்டிய மேடை. ட்ரைபாடில் வைத்து எடுக்கும் வாணவேடிக்கையும் அப்படித்தான்: எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 2 முதல் 4 விநாடி. அங்கே மீட்டரை நம்பினால் இருட்டு வானத்தைப் பார்த்து ஏமாந்துவிடும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வாசகர்கள் எடுத்த திருவிழாப் படங்களை வெளியிடும்போது மோடு, ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ நான்கையும் படத்தின் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள். அந்த விவரம் படக் கோப்பிலேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அழிந்துவிடும் என்பதால், மெயிலிலோ டாக்குமென்டாகவோ அனுப்பச் சொல்லுங்கள்.

— புகைப்படக் கலைஞர்கள் சிலர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.