கடைக்காரத் தாத்தாவின் பேரேட்டைப் படிக்க உதவியவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில் மளிகைக்கடை வைத்திருந்த தாத்தாவைப் பற்றியும் அந்தத் தெருவைப் பற்றியும் நாலு பக்கம் எழுதிவிடலாம் என்று கிளம்பினேன். எட்டு மாதம் இழுத்து, இருபத்தெட்டுப் பக்கக் கையேடாக வந்து நிற்கிறது. இதில் என் பங்கு என்றால் அலைச்சலும் பெட்ரோல் காசும்தான்.

முதல் நன்றி தாத்தாவின் பேத்தி அக்காவுக்கு. மாடியில் அரிசிச் சாக்கில் சுற்றிக் கிடந்த மூன்று பேரேடுகளையும் கடன் கணக்கு எழுதும் "555" என்ற சின்ன நோட்டுகள் ஒரு கட்டையும் "பத்திரம்" என்ற ஒரே வார்த்தையோடு கொடுத்தனுப்பினீர்கள்.

பேரேடு 1958-ல் தொடங்குவதால், ஊரே சொல்வதுபோல் கடை மெர்டேக்கா வருஷம், அதாவது நாடு சுதந்திரம் பெற்ற 1957-ல் திறந்தது என்றே நானும் நம்பியிருந்தேன். அதை உடைத்தவர் பக்கத்துக் கோப்பிக்கடைச் சீன ஆன்ட்டி. 1948 ஜூன் 16-ல் நம் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டு, பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் வந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால், ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, கடைக்காரர் டின்னை விற்கும்போதே ஓட்டை போட்டுத் தரவேண்டும் என்று ஒரு சட்டம் இருந்ததே, அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 1945-ல் பிறந்த ஆன்ட்டி, ஏழு வயதில் தாத்தா கையால் ஓட்டை போட்ட பால் டின்னை வாங்கிக்கொண்டு, சிந்தாமல் நடக்கப் பார்த்து, கவுன் முழுக்கப் பிசுபிசுத்து, அம்மாவிடம் அடி வாங்கியதை அழகான தோட்டத் தமிழில் சொன்னார். அப்படியென்றால் 1952-லேயே கடை இருந்திருக்கிறது!

அப்புறம் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா. பேரேட்டில் பெயருக்குப் பெயர் "நி.நி. 10" என்று இருந்ததை நான் ஏதோ நிலுவைக் கணக்கு என்று நினைத்து இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஐயா கண்ணாடியைக் கூடப் போடாமல் "நிலநிதிப்பா" என்றார். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலின்போது, 1960-ல் நம் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பத்துப் பத்து வெள்ளியாக (அந்நாளைய மலாயா டாலர்) பங்கு கட்ட, பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) தொழிலாளர்கள் தாத்தாவிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள்.

தோட்டத்துக் கிராணியாக (கணக்கெழுதும் குமாஸ்தாவாக) இருந்த பெரியவருக்குத் தனி நன்றி. மற்றவர்கள் தாத்தாவைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் மட்டும், "ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை, அதையும் எழுது" என்றார். பேரேட்டைப் புரட்டினேன், உண்மைதான். அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "தாத்தா செஞ்சதுதானே, போடு தம்பி" என்றீர்களே, அந்த மனசு எனக்கு இருந்திருக்குமா தெரியவில்லை.

படங்களைக் காசு வாங்காமல் ஸ்கேன் செய்து தந்த அச்சகத் தம்பிக்கும், கோயில் வரவு செலவு நோட்டைக் காட்டிய பொருளாளருக்கும் நன்றி. மூன்று முறை படியேறியும் "நாளைக்கு வாங்க" என்ற அந்த அலுவலகத்துக்கு நன்றி கிடையாது.

ஒரு திருத்தம். ஆன்ட்டியிடம் பேசுவதற்கு முன்பே அட்டை அச்சாகிவிட்டது, என் அவசரம். கையேடு வாங்கியவர்கள் அட்டையில் கடை திறந்த வருஷமாக உள்ள 1957-ஐ அடித்துவிட்டு "1952-லோ அதற்கு முன்போ" என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா, பேரேடுகளைச் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். சாக்கு கிழிந்துவிட்டது, அம்மா புதுத் துணிப்பை தைத்து வைத்திருக்கிறார்.